மறுமுனையில் ஒருவர்

"மறுமுனையில் யார் பிடிப்பார்கள்?"
எழுபத்தைந்து அடி கேபிளைச் சுருட்டியபடி
கேட்டான் கடைக்கார க்ளெமன்ஸ்.
ஆள் இருக்கிறது என்றேன்.
பொய்க்கு டுலூத்தில் வரி கிடையாது.

மாடியில் வடக்கு அறை.
அங்கே படுத்தால் ஏரி தெரியும்,
நவம்பர் முடிவதற்குள் இரும்புத்தாது ஏற்றி
அவசரமாய்ப் போகும் கப்பல்கள் தெரியும்.
பிளக் பாயிண்ட் மட்டும் இல்லை.
ஒரு விளக்குக்காகவா இத்தனையும் என்றாள் அக்கா.
ஒரு விளக்குக்காகத்தான்.

நிலவறையில் மின்பெட்டி.
கதவின் உட்பக்கம் பென்சிலில் யாரோ எழுதியது:
தையல் மெஷின். மீன் ஃப்ரீசர். ஐனோவின் அறை.
ஐனோவின் அறையை அணைத்தேன்,
சாப்பாட்டு அறை இருண்டது.
கடைசியில் மெயினையே இறக்கிவிட்டு
நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டேன்.

சுவரைத் தட்டினேன்.
தொம். தொம். தொம். டக்.
டக் என்றால் மரச்சட்டம்.
பதினாறு அங்குலம் தள்ளி அடுத்த டக் இருக்கவேண்டும்.
இந்த வீட்டைக் கட்டியவனுக்குப்
பதினாறு ஓர் உத்தேசம்.

கீழிருந்து போட்ட முதல் துளை
சாப்பாட்டு மேசைக்கடியில் வந்து எட்டிப்பார்த்தது.
ஓர் அங்குலம் பிசகு.
அதன்மேல் கம்பளத்தை இழுத்துவிட்டேன்.

இரண்டாவது துளை சுவருக்குள் ஏறியது.
மேலிருந்து எஃகு நாடாவை விட்டேன்.
போனது, போனது, நின்றது.
குலுக்கினேன், முறுக்கினேன், அதன் பிறப்பைச் சொல்லித் திட்டினேன்.
சுவருக்கு நடுவே குறுக்குக் கட்டை.
தீ ஏறாமலிருக்க அந்தக் காலத்தில் வைத்தது.

கீழ்க் குளியலறையில்,
கண்ணாடி அலமாரிக்குக் கீழே,
ஒரு சின்னச் சதுரம் அறுத்தேன்.
சாந்து உதிர்ந்தது, மரப்பட்டி முறிந்தது,
பிறகு சரசரவென்று
பிளேடுகள்.
கை வைக்குமுன் கண் வைத்தது நல்லதாயிற்று.

அலமாரியின் முதுகில் ஒரு கீறல் உண்டு,
மழுங்கிய பிளேடைப் போட.
அது எங்கே போகிறது என்று
இந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை.
அடியில் கிடந்தவை துருவில் ஒட்டி
ஒரே கட்டியாகியிருந்தன.
மேலே கிடந்தவை இன்னும் மின்னின.
அவை வெண்டலுடையவை.

போகும்போது காபி மிஷினை எடுத்துக்கொண்டான்,
பனி அள்ளும் மிஷினை, நாயை,
கேரேஜ் சுவரில் ஏணி மாட்டிய ஆணியைக்கூட.
பதினொரு வருடக் காலைகளை மட்டும்
வாரத்துக்கு ஒன்றாய்
சுவருக்குள் விட்டுப்போயிருக்கிறான்.

இடுக்கியால் ஒரு காபி டின்னில் அள்ளினேன்.
மூடிமேல் மூன்று சுற்று டேப்.
எண்ணவில்லை.
(முப்பது வரை எண்ணினேன்.)

கட்டையில் துளை போட்டேன்.
நிலவறைத் துளைக்கு நேர்கீழே தகர வாளி,
வாளிக்குள் டேரில் குழந்தையாய் இருந்தபோது வாங்கிய மானிட்டர்.
புது பேட்டரி. அதே இரைச்சல்.
அதன் ஜோடியை இடுப்பில் செருகிக்கொண்டு
மேலே வந்து நாடாவை மறுபடி விட்டேன்.

இடுப்பில் ஒலித்தது:
ணங்.

"பிடி!" என்று கத்திவிட்டேன்.
வாளி என்ன செய்யும்.
இருபத்தேழு படி இறங்கி நானே போய்ப் பிடித்தேன்.
நுனியில் கேபிளைக் கட்டினேன்.
இருபத்தேழு படி ஏறி இழுத்தேன்.
கட்டையில் சிக்கியது.
இறங்கித் தளர்த்திவிட்டு
ஏறி இழுத்து
இறங்கி
ஏழாவது தடவை அது சுவரிலிருந்து
மஞ்சள் நாக்கை நீட்டியது.
நானும் நீட்டினேன்.

மின்பெட்டிக் கதவில் ஐனோவுக்குக் கீழே
பேனாவால் எழுதினேன்: வடக்கு அறை.
அலமாரியின் கீறலை டேப் ஒட்டி அடைத்தேன்.
சதுரத்தை இன்னும் அடைக்கவில்லை.

ராத்திரி விளக்கைப் போட்டேன்.
ஜன்னலில் ஏரி இல்லை, கப்பல் இல்லை,
தலையெல்லாம் சாந்துத் தூசியோடு நான்.
இதை யோசிக்கவே இல்லை.
அணைத்தால் கப்பல்.
போட்டால் நான்.
கொஞ்ச நேரம் அப்படியே
சுவிட்சில் விரலை வைத்துக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை இன்ஸ்பெக்டர் வருகிறார்.
கம்பளத்தை இன்னும் கொஞ்சம்
ஜன்னல் பக்கமாய் நகர்த்தவேண்டும்.